மலைநாட்டில் ஓடும் பழைய சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு வலுக் கூட்டுவது எப்படி

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றமுக்கம் அங்கே சுமார் 81 தான். குளிர்காற்று அடர்த்தியானது என்பது உண்மை. ஆனால் 16 பாகை நுவரெலியாக் காற்றையும் 30 பாகை கொழும்புக் காற்றையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தால், குளிர் தரும் இலாபத்தைச் சேர்த்த பிறகும் மேலே இருக்கும் காற்று ஏறக்குறைய 16 வீதம் மெலிந்தது. தொழிற்சாலையில் 163 குதிரைவலு என்று எழுதிக் கொடுத்த மினி கூப்பர் எஸ் ஆர்53, மெர்சிடிஸ் சி200 கொம்பிரசர் போன்ற கார்கள் நானுஓயாவைத் தாண்டி மேலே வந்ததும் 135 அளவுக்கு இறங்கிவிடுவதற்கு இதுதான் காரணம். எஞ்சினில் எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் இந்த இழப்பு இருக்கும்.

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர் இருந்தால் உயரம் பாதிக்காது என்று பலர் நம்புகிறார்கள். வெளியேறும் புகையால் சுழலும் டேர்போவுக்கு அது ஓரளவு பொருந்தும். மெலிந்த காற்றில் டேர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று, குறித்த அமுக்கத்தை எட்டப் பார்க்கும். பெல்ட்டால் சுழலும் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜருக்கு அந்த வசதி இல்லை. எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் எத்தனை சுற்றோ, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் அளவுக்கேற்ப அத்தனை மடங்குதான் அதுவும் சுற்றும். அது தருவது ஒரு விகிதம். கொழும்பில் வெளிக்காற்றை ஒன்றரை மடங்காக்கினால் உள்ளே 1.5 பார் இருக்கும், வெளிக்காற்றுக்கு மேலுள்ளதை மட்டும் சொல்லும் கேஜில் 0.5 காட்டும். அதே ஒன்றரை மடங்கு நுவரெலியாவில் 1.2 பார்தான், கேஜில் 0.4 தான் காட்டும். இதைத் தெரியாமல் "பூஸ்ட் (கூடுதல் அமுக்கம்) குறைந்துவிட்டது, புளோவர் (சூப்பர்சார்ஜர்) தேய்ந்துவிட்டது" என்று நல்ல சூப்பர்சார்ஜரைக் கழற்றி மாற்றுகிறார்கள்.

எனவே இங்கே வேலை இரண்டு படியாக நடக்கவேண்டும். முதலில், 20 வருடப் பழைய எஞ்சின் கசிவிலும் சூட்டிலும் அடைப்பிலும் இழப்பதை மீட்பது. அதன் பிறகே புல்லியை மாற்றிக் கூட்டுவது. இரண்டாவதை முதலில் செய்தால், கசியும் குழாய் வழியே இன்னும் அதிகமாகக் கசியும், அவ்வளவுதான்.

கழற்றுமுன் அளப்பது

காரின் கணினியை வாசிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர், சிலிண்டர் அமுக்கத்தை அளக்கும் ஒரு கொம்பிரஷன் கேஜ், ஒரு பூஸ்ட் கேஜ், இயன்றால் காற்று-பெற்றோல் விகிதத்தை அளக்கும் ஒரு வைட்பேண்ட் ஒக்சிஜன் மீற்றர். இவை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், மெனிஃபோல்ட் (காற்று உட்செல்லும் குழாய்த்தொகுதி) அமுக்க சென்சர் என்ன சொல்கிறது என்று ஸ்கேனரில் பாருங்கள். நிற்கும் எஞ்சினில் அது வெளிக்காற்றமுக்கத்தையே காட்டவேண்டும்: நுவரெலியாவில் 81, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 87க்கு அருகில், கண்டியில் 95 அல்லது 96. இதிலிருந்து 3, 4 கிலோபாஸ்கல் விலகினால் சென்சர் பிழை. பிழையான சென்சரை நம்பி எரிபொருளைத் திருத்துவது வீண்வேலை.

கொம்பிரஷன் சோதனையிலும் உயரம் விளையாடும். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, திரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் சுழற்றும்போது, கடல்மட்டத்தில் 12 பார் காட்டவேண்டிய சிலிண்டர் நுவரெலியாவில் 9.7 அளவே காட்டும். புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு "பிஸ்டன் ரிங் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் இடையில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடவேண்டும். 15ஐத் தாண்டினால் பூஸ்ட் கூட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு எஞ்சினைத் திறக்கவேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட்.

அடுத்து எரிபொருள் திருத்தங்கள், அதாவது காரின் கணினி தானாகவே பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு. நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 10 வீதத்துக்கு மேல் நின்றால் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது, அல்லது எரிபொருள் போதவில்லை. மடல் வகைக் காற்றுமானி வைத்த முற்காலத்து டொயோட்டா 4ஏ-ஜிஇஸட்இ போன்ற எஞ்சின்களில் மலையில் பிளக் கறுத்து வருவது இயல்பு. அந்த மானி காற்றின் எடையை நேரடியாக அளப்பதில்லை, அதனால் மெலிந்த காற்றிலும் பெற்றோலைச் சற்றுக் கூடுதலாக ஊற்றும்.

மெர்சிடிஸ் எம்271 எஞ்சினாக இருந்தால், குளிர்ந்த காலையில் முதல் இயக்கத்தைக் கேளுங்கள். ஓரிரு நொடி உலோகச் சலசலப்பு வந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது, கேம் அட்ஜஸ்டரின் பற்களும் தேய்ந்திருக்கலாம். நுவரெலியாவின் 10 பாகைக் காலைகள் இந்தப் பரிசோதனைக்கு நல்ல வாய்ப்பு, கொழும்பில் இந்தச் சத்தம் மறைந்திருக்கும். செயினையும் அட்ஜஸ்டரையும் மாற்றாமல் இந்த எஞ்சினுக்கு வலுக் கூட்டவே கூடாது. செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

எம்271இலும் பழைய எம்111இலும் கேம் தண்டின் நேரத்தை ஆளும் காந்தத்தின் வயர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் ஈரம் இருந்தால், அது வயர் வழியாகவே ஊர்ந்து ஒக்சிஜன் சென்சர் வரைக்கும், கடைசியில் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ வரைக்கும் போய்ச் சேரும். காந்தத்தை மாற்றி, இடையில் ஒயிலைத் தடுக்கும் குட்டை வயர்த் துண்டைப் போட்டால் செலவு சிறியது. ஈசியூவுக்குப் போனபிறகு சிறியதல்ல.

கசிவைப் பிடிப்பது

இந்த வயது கார்களில் மிக மலிவாகக் கிடைக்கும் வலு இதுதான். காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஹோஸின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அந்த மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். கொம்பிரசரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக 0.5 பார் மட்டும் கொடுங்கள். ஒயில் மூடியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கிராங்க் சீல்கள் வெளியே தள்ளப்படலாம். அதன் வழியே சிறிது காற்று வருவது வழமை, பலமாக வந்தால், கிராங்க் அறைப் புகையை உட்காற்றோடு சேர்க்கும் பிசிவி வால்வு பழுது. பிறகு சோப்புநீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளியுங்கள்.

ஆர்53இல் முதலில் பார்க்கவேண்டியது அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இரு பக்கத்து ரப்பர் மூட்டுகள். அவை ஒயிலில் ஊறித் தளர்ந்துபோகும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள் அடுத்து. எம்271இல் சூப்பர்சார்ஜருக்கும் மெனிஃபோல்டுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் பிரீதர் ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருக்கும். கைக்கு எட்டாத இடம் என்பதால் பல கராஜ்களில் அதைப் பார்க்காமலே காற்றுமானியை மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். மெனிஃபோல்டைக் கழற்றித்தான் மாற்றவேண்டும், அரைநாள் வேலை. ஹோஸ் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

பைபாஸ் வால்வைத் தனியாகப் பார்க்கவேண்டும். மெதுவாக ஓடும்போது சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றை அதன் வாய்க்கே திருப்பிவிடும் மடல் அது. பூஸ்ட் வேண்டிய நேரத்தில் முழுதாக மூடவேண்டும். ஆர்53இல் அது வெற்றிடத்தால் இயங்குகிறது. அதன் டயஃப்ரமுக்குக் கையால் வெற்றிடம் கொடுத்தால் தண்டு இழுபட்டு அங்கேயே நிற்கவேண்டும், விட்டதும் தயங்காமல் மூடவேண்டும். அச்சுத் தேய்ந்து அரை மில்லிமீற்றர் திறந்து நின்றாலே மேல்வேகத்தில் பூஸ்ட் விழும். மெர்சிடிசில் இந்த மடலை ஈசியூ மின்மோட்டாரால் ஆள்கிறது. ஒயிற்கசடு படிந்து ஒட்டிக்கொண்டால் கார்பன் கிளீனரால் கழுவி, ஸ்கேனரில் அதன் நிலையை மறுபடி கற்பிக்கவேண்டும்.

வெளியேறும் பக்கம் அடைபட்டிருந்தால் உள்ளே தள்ளிப் பயனில்லை. முன் ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் அமுக்க கேஜைப் பொருத்துங்கள். சும்மா ஓடும்போது 0.1 பாருக்குக் குறைவாகவும், 2,500 சுற்றில் 0.2க்குக் குறைவாகவும் இருக்கவேண்டும். தாண்டினால், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வர்ட்டர் உருகி அடைத்திருக்கிறது. அதைக் கழற்றி வெறும் குழாய் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். சூப்பர்சார்ஜர் எஞ்சினில் அதனால் கிடைக்கும் வலு சிறிது, புகைப் பரிசோதனையில் தோற்று வருட வருமான அனுமதிப்பத்திரம் நிற்பது உறுதி. நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் போடுங்கள்.

புளோவருக்குள்

ஈட்டன் எம்45, எம்62 வகைப் புளோவர்களில் கியர்களுக்கென்று தனி ஒயில் இருக்கிறது. அது எஞ்சின் ஒயிலோடு சேராது, சேவிஸ் அட்டவணையில் அதற்கு இடமும் இல்லை. 1,00,000 கிலோமீற்றர் கடந்த பெரும்பாலான புளோவர்களில் அது கறுத்து, நாறி, பாதி குறைந்திருக்கும். ஆர்53இல் புளோவரின் பின்முனையிலிருந்துதான் தண்ணீர் பம்ப் சுழல்கிறது. அந்தப் பக்கத்து கியர் ஒயில் வற்றினால் பற்கள் மழுங்கி, ஒருநாள் தண்ணீர் பம்ப் நின்றுவிடும். ஏற்றத்தில் அப்படி நின்றால் சிலிண்டர் ஹெட் வளைய ஒரு கிலோமீற்றர் போதும்.

புளோவரைக் காரிலிருந்து இறக்கி, மேசையில் வைத்து, இரண்டு அறையையும் முழுதாக வடித்து, சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் செயற்கை ஒயிலை நிரப்புங்கள். 118 மில்லிலீற்றர் குப்பிகளாக வருகிறது. இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கார்மேல் அது உட்காரும் கோணத்திலேயே நிமிர்த்தி வைத்து, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றினால் போதும். கூடுதலாக ஊற்றினால் ஒயில் நுரைத்துச் சூடேறி சீலை உடைக்கும். எஞ்சின் ஒயிலையோ கியர் ஒயிலையோ இங்கே ஊற்றக்கூடாது.

வாய்ப்பக்கம் டோர்ச் அடித்து ரோட்டர்களைப் பாருங்கள். பூச்சு உரிந்து வெள்ளி மின்னினால், அல்லது கையால் அசைத்தால் ரோட்டர்கள் ஒன்றோடொன்று உரசினால், பெயாரிங் முடிந்துவிட்டது. சும்மா ஓடும்போது கடகடவென்று ஒலித்து, சற்று வேகம் கூட்டியதும் மறைந்தால் அது புல்லித் தண்டை ரோட்டரோடு இணைக்கும் கப்ளர். முழுப் புளோவரையும் மாற்றவேண்டியதில்லை, கப்ளரும் பெயாரிங்கும் தனியாகக் கிடைக்கின்றன. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய புளோவர் வாங்குவதானால் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்து, வாயில் ஒயில் ஈரம் இல்லை என்று உறுதிப்படுத்தி, நிரப்பும் துளையைத் திறந்து ஒயிலின் நிறத்தையும் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

டொயோட்டா எஸ்சி12 புளோவரிலும் முதற்காலத்து எம்111லும் மின்காந்த கிளட்ச் உண்டு. தேய்மானத்தால் அதன் இடைவெளி பெருகினால், குளிரில் பிடித்து, சூடானதும் வழுக்கும். ஏற்றத்தின் பாதியில் பூஸ்ட் திடீரென்று மறைந்து, ஆறியதும் திரும்பி வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கிளட்சின் ஷிம்மைக் குறைத்து இடைவெளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

சூடு

மலைநாடு குளிர் பிரதேசம்தானே, இன்டர்கூலர் எதற்கு என்ற எண்ணம் தவறு. ரம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனை வளைவுகளிலோ ஒரு லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் 25 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்வதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் பாரம் இழுக்கிறது, முன்னாலிருந்து காற்று வருவதில்லை. அப்போது இன்டர்கூலர் அடுப்பில் ஏறிய இரும்புச் சட்டிபோல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், லொறியை முந்தும் நேரத்தில் அதையே எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுக்கும். இதனால் இங்கே இன்டர்கூலர் வேலைக்கு, நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிட அதிக மதிப்பு உண்டு.

ஸ்கேனரில் உட்காற்று வெப்பநிலையை வைத்துக்கொண்டு ஒரு ஏற்றத்தை ஏறிப் பாருங்கள், ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 60 பாகையை நெருங்கும்போது பெரும்பாலான ஈசியூக்கள் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்க, அதாவது தாமதப்படுத்தத் தொடங்கும். அங்கேதான் நீங்கள் தேடும் குதிரைகள் ஓடிப்போகின்றன.

ஆர்53இல் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பொனட் வாயிலிருந்து வரும் காற்று அதன் வழியே மட்டும் போக, சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் சீல் முழுதாக இருக்கவேண்டும். பழைய கார்களில் அது பொடிந்து, காற்று பக்கவாட்டில் தப்பிவிடுகிறது. புதிதாக வெட்டி ஒட்டுவது ஒரு மணிநேர வேலை, பலன் கண்கூடு. மெர்சிடிசில் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தேயிலைத் தூசும் பூச்சிகளும் களிமண்ணும் படிந்து சுவராக நிற்கும். கழற்றி, பின்பக்கமிருந்து மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். அழுத்தம் கூடிய கழுவும் இயந்திரம் இறகுகளை மடித்துவிடும். உட்புறத்தில் தேங்கிய ஒயிலை டிகிரீசர் ஊற்றிக் குலுக்கி வடித்து, முழுதாகக் காய்ந்தபிறகே பொருத்துங்கள். உட்காற்றில் ஒயில் கலந்தால் பெற்றோலின் ஒக்டேன் குறைந்ததற்குச் சமமாகி, கலவை தானாகவே வெடிக்கும் நொக் வரும்.

வடிகட்டியை எஞ்சின் அறைக்குள் திறந்துவைக்கும் கூம்பு வகை வேண்டாம். சத்தம் கூடும், உறிஞ்சுவது ரேடியேட்டர் சூட்டை. தொழிற்சாலைப் பெட்டியையே வைத்து, நல்ல தாள் வடிகட்டி போடுங்கள். மூடுபனியும் மழையும் உள்ள ஊர்களில் அது நனையும், சேவிஸ் கணக்குக்குக் காத்திருக்காமல் அடிக்கடி திறந்து பாருங்கள்.

புல்லி

இதுவரை சொன்னதைச் செய்து முடித்த எஞ்சின் தன் பழைய வலுவைப் பெற்றிருக்கும். இனிக் கூட்டலாம்.

புளோவரின் வேகம் = எஞ்சின் வேகம் × கிராங்க் புல்லி விட்டம் ÷ புளோவர் புல்லி விட்டம். உதாரணமாக, கிராங்கில் 135 மி.மீ., புளோவரில் 65 மி.மீ. என்றால் 2.08 மடங்கு. எஞ்சின் 6,500இல் புளோவர் 13,500. புளோவர் புல்லியை 15 வீதம் சிறிதாக்கி 55க்குக் கொண்டுவந்தால் 2.45 மடங்கு, 6,500இல் ஏறக்குறைய 16,000. சிறிய எம்45க்கு இதற்கு மேல் கொடுப்பது தகாது. காற்றைவிடச் சூட்டையே அதிகம் தள்ளத் தொடங்கும், பெயாரிங்கும் நெடுநாள் நிற்காது. 17, 19 வீதப் புல்லிகள் சந்தையில் உண்டு. பெரும்பாலும் 92, 95 ஒக்டேனே கிடைக்கும் நம் நாட்டில் அவற்றை வாங்கவேண்டாம்.

இனி இந்த வேலையின் முக்கியமான கணக்கு. விகிதம் 1.5ஆக இருந்த எஞ்சினில் 15 வீதப் புல்லி போட்டால் விகிதம் 1.7 அளவுக்கு ஏறும். நுவரெலியாவில் 0.81ஐ 1.7ஆல் பெருக்கினால் உள்ளே 1.38 பார். கொழும்பில் மாற்றம் செய்யாத கார் பெறும் 1.5 பாரைவிட இது குறைவு. சூடும் அப்படியே: 18 பாகைக் காற்று சிறிய புல்லியில் 98 பாகையாக வெளியே வரும், கொழும்பின் 35 பாகைப் பகல்வேளையில் பழைய புல்லி தருவதும் அதே 98. அதாவது மேலேயே ஓடும் கார், தொழிற்சாலை எதிர்பார்த்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. அதனால்தான் நுவரெலியாவில் புல்லி மாற்றியவர்கள் எந்தத் திருத்தமும் இல்லாமல் மாதக்கணக்கில் சிக்கலின்றி ஓட்டுகிறார்கள்.

அதே கார் ஹட்டன் வழியாக அவிசாவளைக்கு இறங்கி, கொழும்பின் வெயிலில் அதிவேகப் பாதையில் ஏறும் நாளில் என்ன நடக்கும்? உள்ளே 1.7 பார், புளோவரிலிருந்து 119 பாகைச் சூடு, தாங்கியில் 92 ஒக்டேன். நொக் தொடங்கி, அதை உணரும் சென்சரால் ஈசியூ ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்து, அதற்கும் மேலே போனால் பிஸ்டனின் ரிங் மேடை உடையும். மலையில் பொருத்திய புல்லியைச் சமவெளிக்காகத் தீர்மானிக்கவேண்டும். கார் எப்போதாவது போகக்கூடிய மிகத் தாழ்ந்த, மிகச் சூடான இடம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. மாதம் ஒருமுறையாவது கொழும்புக்கு இறங்கும் கார் என்றால் 10 முதல் 12 வீதத்தோடு நிறுத்துங்கள். 1,200 மீற்றருக்கு மேலேயே வாழும் கார் என்றால் 15.

கிராங்க் புல்லியைப் பெரிதாக்கியும் அதே வேகத்தைப் பெறலாம், ஆனால் ஒல்டர்னேட்டரும் மற்றவையும் கூடவே வேகமாகச் சுழலும். கிராங்க் புல்லிக்குள் ரப்பர் வளையம் வைத்த அதிர்வடக்கி இருக்கிறது. ஆர்53இல் அந்த ரப்பர் வயதாகிப் பிரிவது பிரசித்தம். அதை எடுத்துவிட்டு லேத் பட்டறையில் கடைந்த திண்ம அலுமினியத் துண்டைப் போடக்கூடாது. அதிர்வு கிராங்க் பெயாரிங்குக்கும் ஒயில் பம்புக்கும் போகும்.

ஈட்டன் புல்லிகள் தண்டில் இறுக்கி அழுத்தப்பட்டவை. இதற்கென்று உள்ள இழுப்பான் கருவியால் நேராக இழுக்கவேண்டும். சுத்தியலால் தட்டினாலோ, விளிம்பைக் கம்பியால் நெம்பினாலோ தண்டு உள்ளே நகர்ந்து ரோட்டருக்கும் சுவருக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளி போய்விடும். புதியதைப் பொருத்துமுன் கழற்றியதன் முகம் தண்டின் நுனியிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் உள்ளே இருந்தது என்று வேர்னியரால் அளந்து எழுதுங்கள். புதிய புல்லியைச் சூடுகாற்றுக் கருவியால் 100 பாகை அளவுக்குச் சூடாக்கி, திருகு அழுத்தியால் அதே ஆழத்துக்கு இறக்குங்கள். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் பெல்ட் ஓரம் நூலாகப் பிரியும்.

சிறிய புல்லிக்குக் குட்டையான பெல்ட் வேண்டும். பெல்ட் புல்லியைப் பாதிச் சுற்று தழுவுகிறது என்று கொண்டால், விட்டத்தின் வித்தியாசத்தை 1.57ஆல் பெருக்குங்கள்: 10 மி.மீ. குறைத்தால் பெல்ட் 16 மி.மீ. அளவு குட்டையாகவேண்டும். பழைய நீளத்தையே போட்டால் பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர் தன் எல்லையில் போய் நிற்கும், ஈரமான காலைகளில் பெல்ட் வழுக்கும், 5,000க்கு மேல் பூஸ்ட் ஏறாமல் நிற்கும். அப்போது புல்லி வீண் என்று தோன்றும், பிழை பெல்ட்டில் இருக்கும். டென்ஷனர் பழையதானால் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்பார்க்கும் பெற்றோலும் மெப்பும்

பிளக் ஒரு படி குளிர்ந்ததாக வேண்டும். என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி, பொஷ்ஷில் எண் ஏற ஏறச் சூடு. கடையில் இது அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. ஆர்53இல் பிகேஆர்6 இருந்த இடத்தில் பிகேஆர்7. ஒற்றை முனைப் பிளக்காக இருந்தால் இடைவெளியை 0.7 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அதிக அமுக்கத்தில் அகன்ற இடைவெளியை பழைய கொயில் தாண்டாது, முழு பூஸ்டில் எஞ்சின் திக்கும்.

பெற்றோல் வடிகட்டியை மாற்றி, கேஜை வெளியே தெரியும்படி கட்டி, பாரத்தில் அமுக்கம் விழுகிறதா என்று பாருங்கள். சும்மா ஓடும்போது சரியாக இருந்து ஏற்றத்தில் விழுந்தால் பம்ப் போதவில்லை. ஆர்53இல் 15 வீதப் புல்லியோடு சமவெளியில் இன்ஜெக்டர்கள் தம் எல்லைக்கு மிக அருகில் போய்விடும், மினியின் வலுக் கூடிய ஜேசிடபிள்யூ வகையின் 380 சிசி இன்ஜெக்டர் போட்டு, ஈசியூவிலுள்ள பெற்றோல், ஸ்பார்க் அட்டவணையான மெப்பைத் திருத்துவது நல்லது. முழு பூஸ்டில் வைட்பேண்ட் மீற்றர் 11.7க்கும் 12.2க்கும் இடையில் நிற்கவேண்டும். 12.5ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். தொழிற்சாலை ஒக்சிஜன் சென்சரை வைத்து இதைப் பார்க்கமுடியாது, 14.7க்கு அருகில் தவிர வேறெங்கும் அதன் சொல்லுக்கு மதிப்பில்லை.

மெர்சிடிசில் புல்லியை மட்டும் மாற்றினால் ஈசியூ தன் இலக்குக்கு மேல் காற்று வருவதைக் கண்டு பைபாஸை விரித்துவிடும், அல்லது வலுவைக் குறைத்து எச்சரிக்கை விளக்கைப் போடும். அங்கே புல்லியும் மெப்பும் ஒரே நாள் வேலையாக நடக்கவேண்டும். மெப் எழுதும் இடம் கொழும்பாக இருக்கட்டும், வலுவை அளக்கும் டைனோ அங்கே இருப்பதால் மட்டுமல்ல. அடர்ந்த சூடான காற்றில், 95 ஒக்டேனில், நொக் இல்லாமல் நிற்கும் மெப் நுவரெலியாவில் தானாகவே பாதுகாப்பானது. மேலே எழுதிய மெப் கீழே அப்படி இல்லை. மெப் எழுதுபவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: உட்காற்று 60 பாகையைத் தாண்டும்போது ஸ்பார்க்கைப் பின்வாங்கும் அட்டவணையை அழிக்கக்கூடாது. டைனோவில் எண் பெரிதாகத் தெரிய அதை அழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோல் 95 மட்டும். மலையில் 92 போதும் என்பது மாற்றம் செய்யாத எஞ்சினுக்கு ஓரளவு சரி. இந்தக் காரில் கீழே இறங்கும் நாளில் தாங்கியில் எது இருக்கும் என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஏறும் கார் இறங்கவும் வேண்டும்

நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். எஞ்சினின் வழமையான வெப்பமே 90க்கு மேல் இருப்பதால், கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி தரும் அமுக்கம் மட்டுமே. மூடியைப் புதிதாகப் போடுங்கள், வெறும் பைப் தண்ணீர் வேண்டாம், கூலண்ட் பாதிக்குப் பாதி.

பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் எஞ்சினிலிருந்து வருகிறது, உயரத்தில் அந்த வெற்றிடமும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெடல் சற்றுக் கடினமாக இருப்பது அதனால்தான். பூஸ்டர் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். எஞ்சின் பக்க வாயிலிருந்து பூஸ்டரை நோக்கி ஊதினால் காற்று போகக்கூடாது. அது கசிந்தால் மெனிஃபோல்ட் பூஸ்ட் பிரேக் பூஸ்டருக்குள் புகும், ஏறி முடித்து முதல் வளைவில் மிதிக்கும்போது உதவி இருக்காது. நம் மழைக்காற்றில் பிரேக் திரவம் வேகமாக ஈரம் குடிக்கும். டொட் 4ஐ வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், ரதல்ல குறுக்கு வீதி போன்ற இறக்கங்களில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.

வலு கூட்டிய விபரத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, பதில் கடிதத்தை வாங்கி வையுங்கள்.

புல்லி போட்ட முதல் 500 கிலோமீற்றருக்கு முழு பூஸ்ட் வேண்டாம். அதன்பின் பெல்ட்டின் ஓரத்தையும் டென்ஷனர் நிற்கும் இடத்தையும் பாருங்கள், நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெள்ளைப் பீங்கானில் கரும்புள்ளிகளோ மினுங்கும் அலுமினியப் பொட்டுகளோ தெரிந்தால் நொக் நடந்திருக்கிறது. அன்றைக்கே பழைய புல்லியைத் திரும்பப் போட்டு, மெப்பைத் திருத்தியபிறகே மறுபடி தொடங்குங்கள்.